மூன்றாவது ஜிம்மில்தான் என் மகள் மறுபடி கை ஊன்றினாள்

வீடு மாறும்போது எல்லாரிடமும் ஒரு பட்டியல் இருக்கும். பள்ளி, மருத்துவர், தண்ணீர், மின்சாரம், இணையம் என்று நீளும். என் பட்டியலில் பதினேழாவது வரியோ என்னவோ, "பிள்ளைகளுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ்" என்று எழுதியிருந்தேன். ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும் வேலை என்று நினைத்தேன். ஏழு மாதம் ஆனது. முழுதாக மூன்று மாதக் கட்டணம், இரண்டு இடத்தில் சேர்க்கைக் கட்டணம், கட்டாயமாக வாங்கவைத்த இரண்டு லியோடார்ட் (உடம்போடு ஒட்டிய பயிற்சி உடை), ஒரு எக்ஸ்ரே. இதெல்லாம் கைவிட்டுப் போன பணம். என் மகளுக்குப் போனதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. பழைய ஊரில் மகள் நான்கு ஆண்டுகள் ஒரே இடத்தில்தான் பயிற்சி எடுத்தாள். சின்ன கூடம், டேப் ஒட்டிய மேட், ஏறி நடக்கும் ஒல்லிக் கட்டையான பீம் ஒரே ஒன்று. கோச்சை எல்லாப் பிள்ளைகளும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கோ ஜிம்னாஸ்டிக்ஸில் ஒரு எழுத்துகூடத் தெரியாது, குனிந்தால் கால் விரலைத் தொட முடியாத ஆள் நான். அங்கே எதையும் தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் வரவில்லை. கொண்டுபோய் விடுவேன், கூட்டிக்கொண்டு வருவேன், அவ்வளவுதான். வீடு மாறிய பிறகு என் மனைவி புது வேலைக்காக வாரத்தில் ஐந்து நாள் வெளியூரில் தங்க வேண்டியிருந்ததால் முடிவெல்லாம் என் தலையில் விழுந்தது.

முதல் தப்பைப் புது ஊருக்கு வருவதற்கு முன்பே செய்துவிட்டேன். கடைசி நாளன்று அந்த அக்காவுக்கு ஒரு பரிசு கொடுத்தோம், சேர்ந்து படம் எடுத்தோம், கிளம்பிவிட்டோம். அவரிடம் ஒரு பக்கம் எழுதி வாங்கியிருக்கலாம். இவள் எதெதையெல்லாம் தனியாகச் செய்வாள், எதற்கு இன்னும் கை கொடுக்க வேண்டும், எதை மெத்தென்ற தரையில் மட்டும்தான் செய்திருக்கிறாள், எதற்குப் பயப்படுவாள், எங்கே வலி வந்திருக்கிறது. இந்த ஐந்து மட்டும் போதும். எனக்குத் தெரிந்ததெல்லாம் "லெவல் மூன்று" என்ற ஒரு வார்த்தை. அந்த வார்த்தைக்கு அந்தக் கூடத்துக்கு வெளியே மதிப்பில்லை என்பது பிறகுதான் புரிந்தது. நாட்டுக்கு நாடு, சில சமயம் கிளப்புக்குக் கிளப்பு, படிநிலைகளுக்கு வேறு வேறு பெயர், வேறு வேறு பொருள். ஓரிடத்து மூன்று இன்னோரிடத்தில் ஒன்றாகவும் இருக்கும், ஐந்தாகவும் இருக்கும்.

புது வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் ஒரு பெரிய ஜிம் இருந்தது. உள்ளே போனதும் வாய் பிளந்துவிட்டேன். ஸ்பிரிங் வைத்த முழு அளவு ஃப்ளோர், பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு மீட்டர், போட்டிகளில் இருப்பது போலவே. வரிசையாக நான்கு பீம். ஒரு சுவர் முழுக்கக் கோப்பைகள். உரிமையாளரே சுற்றிக் காட்டினார். "பிள்ளைகள் பயந்தால் என்ன செய்வீர்கள்?" என்று பேச்சுவாக்கில் கேட்டேன். "இங்க யாரும் பயப்படமாட்டாங்க சார்" என்று சிரித்தார். எனக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்திருந்தது. இன்று யோசித்தால், அந்த இடத்திலேயே திரும்பி வந்திருக்க வேண்டும். தரையிலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில் பத்து சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு கட்டைமேல் தலைகீழாக நிற்கச் சொன்னால் எந்தப் பிள்ளையும் பயப்படும். பயப்படவே மாட்டார்கள் என்றால், பயத்தை வெளியே சொல்ல அங்கே இடமில்லை என்றுதான் அர்த்தம்.

சேர்ப்பதற்கு முன் சின்னதாக ஒரு தேர்வு வைத்தார்கள். "பேக் ஹேண்ட்ஸ்பிரிங் போடுவாளா?" என்று கேட்டார்கள். பின்பக்கமாகக் குதித்து, கை ஊன்றி, சுழன்று காலில் வந்து நிற்பது அது. அவள் வாயைத் திறப்பதற்கு முன் நான் "போடுவா, போடுவா" என்றேன். பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. காற்றடைத்த டிராக் மேல், பழைய அக்காவின் கை முதுகுக்கடியில் இருக்க, போட்டிருக்கிறாள். மூட்டை கட்டுவதிலும் பள்ளி சேர்ப்பதிலும் அதற்குள் பதினோரு வாரம் ஓடியிருந்தது. பிறந்த நாளன்று கதவில் கோடு போட்டு அளந்ததிலிருந்து மூன்று சென்டிமீட்டர் வளர்ந்திருந்தாள். கையும் காலும் நீண்டால் பழகிய வித்தையின் கணக்கு உடம்புக்குத் தப்பிப்போகும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. போட்டிக்குத் தயாராகும் குழுவில் போட்டார்கள். பழைய இடத்தில் வாரத்துக்கு மூன்று மணி நேரம், இங்கே ஒன்பது. பெருமையில் உடனே மனைவிக்குப் போன் போட்டுச் சொன்னேன். மகள் காரில் ஒன்றும் பேசாமல் வந்தாள். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

பெற்றோர் பார்க்கும் கண்ணாடிக்குத் திரை போட்டிருந்தார்கள். மாதத்தில் ஒரு நாள் மட்டும் திறப்பார்களாம். பெற்றோர் பார்த்தால் பிள்ளைகளின் கவனம் சிதறும் என்றார்கள், நியாயமாகவே பட்டது. இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசர் எத்தனையோ சிறுமிகளைச் சிகிச்சை என்ற பெயரில் சீரழித்ததற்காக 2018-இல் தண்டனை பெற்றவர். பிரிட்டன் ஜிம்னாஸ்டிக்ஸைப் பற்றி 2022-இல் வெளியான வைட் அறிக்கை, அடி, திட்டு, எடையைச் சொல்லி அவமானப்படுத்துவது, காயத்தோடு பயிற்சி என்று பல ஆண்டுக் கதையை எடுத்து வைத்தது. நான் போன இடத்தில் அவ்வளவு கொடுமை நடந்தது என்று சொல்லவில்லை. ஆனால் மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பது என்னவென்று தெரியாமல் இருப்பதே பெற்றோருக்குப் போதுமான எச்சரிக்கை. எந்த நாளும், சொல்லாமல் வந்து, உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். கூடாது என்றால் காரணம் எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் வேறு இடம் தேடுங்கள்.

மூன்றாவது வாரம் அவள் விழுந்தாள். பின்னால் குதித்தவள் பாதியில் தயங்கியிருக்கிறாள், முழங்கை மடங்கி உச்சந்தலை மேட்டில் மோதியிருக்கிறது. பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்பதால் யாரும் என்னிடம் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை என்றால் வயிற்றுவலி வர ஆரம்பித்தது. வியாழக்கிழமையும். "அப்பா, இன்னிக்கு ஒரு நாள் போகலைன்னா என்ன?" என்று கேட்டாள். "புது இடம்மா, பழகிடும்" என்றேன். மணிக்கட்டு வலிக்கிறது என்றும் ஒருநாள் சொன்னாள். அதற்கும் அதே பதில்தான். இதை எழுதும்போதும் கூசுகிறது.

ஏழாவது வாரம் ஒரு மீட்டிங் ரத்தானதால் முன்கூட்டியே போனேன். பின்பக்கக் கதவு காற்றுக்காகத் திறந்திருந்தது. மற்றப் பிள்ளைகள் வரிசையாக வந்து போட்டுவிட்டுப் போகிறார்கள். என் மகள் ஓரத்துக் கோட்டில் தனியாக நிற்கிறாள். கையைத் தூக்குகிறாள், முழங்காலை மடக்குகிறாள், அப்படியே உறைந்து நிற்கிறாள். மறுபடி கையைத் தூக்குகிறாள். கோச் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே, "போடறியா, இல்ல எல்லாரும் போறவரைக்கும் நிக்கறியா?" என்றார். கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். இருபத்தைந்து நிமிடம் பார்த்தேன், அவள் அங்கேயே நின்றாள். ஏன் உடனே உள்ளே போகவில்லை என்று மனைவி கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. கண்டிப்பு என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று ஏதோ ஒரு மூலையில் நினைத்திருக்கிறேன்.

அன்றிரவுதான் விழுந்த கதையைச் சொன்னாள். "போடணும்னுதான் நினைக்கறேன்பா, உடம்பு போக மாட்டேங்குது" என்றாள். இதைச் சோம்பல் என்றோ அடம் என்றோ நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் நட்சத்திரம் சிமோன் பைல்ஸ் போன்ற ஒருவரே, காற்றில் சுழலும்போது தான் எங்கே இருக்கிறோம் என்பது தெரியாமல் போகிறது என்று சொல்லிப் பாதியில் விலகினார். அதற்கு ட்விஸ்டிஸ் என்று ஒரு பெயரே உண்டு. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வந்தது அதே விஷயமில்லை, இருந்தாலும் மனசும் உடம்பும் பிரிந்து நிற்பது உண்மை. நிற்கவைத்து மிரட்டினால் அது சரியாகாது. கீழே இறங்கி, எளிதான படியிலிருந்து மறுபடி ஏறி வர வேண்டும். இது எனக்கு அப்போது தெரியாது, மூன்றாவது கோச் சொல்லித்தான் தெரியும்.

மணிக்கட்டுக்கு மருத்துவரிடம் போனோம். கைகளில் உடம்பின் எடையைத் திரும்பத் திரும்பத் தாங்குவதால் முன்கை எலும்பின் வளர்ச்சித் தட்டு நொந்து போவது ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகளிடம் அடிக்கடி பார்ப்பதுதான் என்றார். வளரும் வயதில் எலும்பு நீளும் இடம் அது, அலட்சியம் செய்தால் வளர்ச்சியே பாதிக்கப்படலாம். அவர் கேட்ட முதல் கேள்வி, "வாரத்துக்கு எவ்வளவு நேரம், திடீர்னு கூட்டினீங்களா?" மூன்றிலிருந்து ஒன்பது என்றேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஆறு வாரம் கை ஊன்றக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். மணிக்கட்டு, குதிகால், முதுகின் கீழ்ப்பகுதி, இந்த மூன்று இடத்தில் பிள்ளை வலி என்று சொன்னால் பழகிடும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பருவக் கட்டணம் திரும்பாது, மருத்துவர் சீட்டு இருந்தால் "நிறுத்தி வைக்கலாம்", திரும்பி வரும்போது கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். நான் கையெழுத்துப் போட்ட தாளின் மூன்றாம் பக்கத்தில் அது தெளிவாக இருந்தது, படிக்காதது என் தப்பு. முதல் மாதம் மாதக் கட்டணமாக மட்டும் கட்ட முடியுமா, விலக எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், காயம் பட்டால் பணம் என்ன ஆகும், விட்டுப்போன வகுப்பை வேறு நாளில் ஈடுகட்டலாமா, சீருடையும் போட்டிச் செலவும் இதில் அடக்கமா. இவற்றை வாயால் கேட்டுக்கொண்டு வராமல் எழுத்தில் பாருங்கள். தள்ளுபடி என்று சொல்லி மூன்று மாதத்தை ஒரே தடவையில் கட்டச் சொல்லும் இடத்தில்தான் எனக்கு மொத்தமும் போனது.

மகள் ஓய்வில் இருந்தபோது மகனை மட்டும் இன்னொரு இடத்தில் சேர்த்தேன். முதல் இடத்தின் சூடு ஆறாததால் நேர் எதிர்த்திசையில் ஓடினேன். வண்ண வண்ண மெத்தை, பாட்டு, சிரிப்பு. இங்கே பார்க்கலாம், தடையில்லை. நானும் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டாவது வாரம் சும்மா கடிகாரத்தை வைத்து எண்ணினேன். பதினான்கு பிள்ளைகள், ஒரு கோச், உதவிக்குப் பதினைந்து வயதிருக்கும் ஒரு பெண். ஒரு மணி நேரத்தில் என் மகனுக்குத் தொங்கும் கம்பியான பாரில் நான்கு முறை, பீமில் மூன்று முறை, ஓடி வந்து தாண்டும் வால்ட்டில் இரண்டு முறை. மீதி நேரமெல்லாம் வரிசையில் நின்று முன்னால் இருப்பவனின் சட்டையை இழுத்துக்கொண்டிருந்தான். எல்லாம் கூட்டினால் அவன் அசைந்தது எட்டு நிமிடம்கூட வரவில்லை. இதை எல்லாரும் ஒரு தடவை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பேன், விளம்பரத்தில் வராத கணக்கு இது. அதைவிட மோசம், ஸ்பாஞ்ச் துண்டுகள் நிரப்பிய ஃபோம் பிட்டில் ஒரு பையன் தலைகீழாகப் பாய்ந்தான், அந்தப் பெண் சிரித்தாள். பஞ்சு மாதிரிதானே இருக்கிறது என்று தோன்றும், கழுத்து போய்விடும். காலை முதலில் வைத்தோ, உட்கார்ந்த மாதிரியோ, முதுகு தட்டையாகவோதான் அதில் விழ வேண்டும், தலையை முன்னால் விட்டு ஒருபோதும் கூடாது. அதை முதல் நாளே சொல்லித் தராத இடத்தில் பிள்ளையை விட எனக்குத் தைரியம் இல்லை. அந்த மாதம் முடிந்ததும் நிறுத்தினேன்.

அப்புறம் முறையை மாற்றினேன். விளம்பரம், கோப்பை, சுற்றிக்காட்டல் எதுவும் வேண்டாம். சாதாரண வார நாளில், மாலை ஐந்தரைக்கு, எல்லாரும் களைத்திருக்கும் நேரத்தில் போய் ஒரு மணி நேரம் உட்காருவது என்று வைத்துக்கொண்டேன். நான்கு இடத்துக்குப் போனேன். ஓரிடத்தில் கோச் கால் விரிப்புப் பயிற்சியில் ஒரு சிறுமியின் தோளை அழுத்தி உட்கார்ந்திருந்தார், அவள் அழுதுகொண்டிருந்தாள். ஐந்தாவது நிமிடமே எழுந்து வந்துவிட்டேன். இன்னொரு இடத்தில் சுற்றிக்காட்டியவர் அனுபவசாலி, வகுப்பு எடுத்தது போன மாதம் சேர்ந்த பயிற்சியாளர். அதனால் "என் பிள்ளையின் வகுப்பை எடுக்கப்போவது யார், அவரைப் பார்க்கலாமா" என்று கேட்கப் பழகிக்கொண்டேன். அவருடைய சான்றிதழ், முதலுதவிப் பயிற்சி, பின்னணி விசாரணை, அங்கே எத்தனை நாளாக இருக்கிறார் என்று கேட்டால் நல்ல இடத்தில் யாரும் முகம் சுளிப்பதில்லை.

நாலாவதாகப் போன இடம் நாற்பது நிமிடத் தூரம். பார்க்க ஒன்றுமில்லை. பழைய கூடம், சாக் பவுடரும் சாக்ஸும் கலந்த வாடை, வண்டி நிறுத்த இடமில்லை, கட்டணமும் முதல் இடத்தைவிடக் கொஞ்சம் அதிகம். ஆனால் ஒரு கோச்சுக்கு ஏழு பிள்ளைகள். ஒருத்தி பீம் மேல் கோச்சோடு இருக்கும்போது மற்றவர்கள் சும்மா நிற்கவில்லை. ஒருவன் சுவரில் கால் வைத்துக் கைகளில் தலைகீழாக நிற்கும் ஹேண்ட்ஸ்டாண்ட், இருவர் தரையில் ஒட்டிய கோட்டில் நடை, இன்னொருத்தி தரையோடு தரையாக இருக்கும் குட்டி பீமில். நான்கு உயரத்தில் பீம் வைத்திருந்தார்கள், யாரும் நேராக உயரத்தில் ஏறவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கு முன்னும் கோச் மேட்டைக் காலால் தள்ளிச் சரிசெய்தார். அப்போது ஒரு பையன் பாரில் ஏற மாட்டேன் என்று அழுதான். நான் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன், இதைப் பார்க்கத்தானே வந்தேன். கோச் பாரைக் கீழே இறக்கினார். "தொங்கு. பத்து எண்ணு. இன்னிக்கு அது போதும்" என்றார். அவன் பன்னிரண்டு எண்ணினான்.

பேசப்போனபோது நான் கேட்டதைவிட அவர் கேட்டது அதிகம். கடைசியாக எப்போது பயிற்சி, எவ்வளவு வளர்ந்திருக்கிறாள், மருத்துவர் என்ன சொன்னார், எதில் விழுந்தாள். லெவல் என்ன என்று கேட்கவே இல்லை. நானாகச் சொன்னேன். "சரி சார், அவ வரட்டும், பாத்துக்கலாம்" என்றார். வாரத்துக்கு இரண்டு நாள், ஒன்றரை மணி நேரம், ஏழு வயதுப் பிள்ளைகளோடு அடிப்படையிலிருந்து. எனக்குத்தான் வலித்தது, அவளுக்கு இல்லை. ஒரு உறவினர், "இப்படிக் கீழே இறக்கினா நேரம் போயிடுமே, நாடியா கொமனேச்சி பதினாலு வயசுல பத்துக்குப் பத்து வாங்கினா" என்றார். அந்த ருமேனிய வீராங்கனை வாங்கினார்தான், 1976 ஒலிம்பிக்கில். ஆனால் 1997-இலிருந்து ஒலிம்பிக்கில் பெண்கள் பிரிவில் இறங்கவே போட்டி நடக்கும் ஆண்டில் பதினாறு வயது ஆக வேண்டும். அது இருக்கட்டும், என் மகள் ஒலிம்பிக்குக்குப் போவதாக யார் சொன்னார்கள்?

மகனையும் அங்கே சேர்க்க விண்ணப்பத்தை நீட்டினேன். "எனக்கு வேணாம்பா, நான் அக்காவுக்காகத்தான் போனேன்" என்றான். இத்தனை நாளும் அவனிடம் நான் கேட்டதே இல்லை. இப்போது அந்தக் கூடத்து ஓரத்தில் உட்கார்ந்து படம் வரைகிறான், எல்லாப் படத்திலும் யாராவது தலைகீழாக நிற்கிறார்கள்.

முதல் மாதம் அவள் பின்னால் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. முன்னால் உருளுவது, பக்கவாட்டில் சக்கரம்போல் சுழலும் கார்ட்வீல், சுவரில் ஹேண்ட்ஸ்டாண்ட். இரண்டாவது மாதம் சரிவான மேட்டில் பின்புறமாகப் பாலம் போல வளைந்து இறங்கினாள், கோச்சின் இரண்டு கையும் முதுகில். அப்புறம் ஒரு கை. அப்புறம் இரண்டு விரல். நான்காவது மாதம் ஒரு வியாழக்கிழமை, கை எதுவும் இல்லாமல் பேக் ஹேண்ட்ஸ்பிரிங் போட்டாளாம். நான் அந்த நேரம் மகனைக் கழிப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். "பாத்தியாப்பா?" என்று ஓடி வந்தாள். இல்லை என்றேன். கொஞ்சம் முறைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி வரிசைக்குப் போனாள்.

அந்த முதல் இடத்தின் லியோடார்டுகள் இரண்டும் இன்னும் வீட்டில்தான் இருக்கின்றன. முதுகில் பெரிதாகப் பெயர் அச்சடித்திருப்பதால் விற்கவும் முடியவில்லை, யாருக்கும் கொடுக்கவும் மனசு வரவில்லை. போன வாரம் பார்த்தால் அதில் ஒன்றை மகன் தன் கரடி பொம்மைக்கு மாட்டிவிட்டிருக்கிறான். கச்சிதமாக இருக்கிறது.